தவளை நரம்பின் ஆர்.என்.ஏ. எங்கே உருவாகிறது: நான்கு ஆய்வு வழிகளும் அவற்றின் மறைமுக விலையும்

தவளையின் தொடைக்குள் ஓடும் சியாட்டிக் நரம்பில் உள்ள ஒவ்வோர் ஆக்சானுக்கும் (நரம்புச் செல்லின் நீண்ட இழைக்கும்) உட்கருவைக் கொண்ட செல் உடலம் வெகு தொலைவில், தண்டுவடத்திலோ, உணர்வு நரம்புச் செல்களின் உடலங்கள் திரண்டிருக்கும் முதுகுவேர் முடிச்சிலோ இருக்கிறது. அங்கிருந்து பாதத் தசை வரை செல்லும் நீளத்தில் அந்த ஆக்சானுக்குச் சொந்தமான உட்கரு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஆக்சானுக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது செல் உடலத்தில் படியெடுக்கப்பட்டு இழை வழியே இறங்கி வந்ததா, இழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல் தயாரித்து உள்ளே அனுப்பியதா, ஆக்சானுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.விலிருந்து எடுத்ததா என்பது 1960களிலிருந்து கேட்கப்பட்டுவரும் கேள்வி. இருவாழ்விகளை வைத்து இதை ஆராய விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள்: ஆர்.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான யூரிடினைக் கதிரியக்கக் குறியோடு முடிச்சில் செலுத்திப் பின்தொடர்வதா, வெட்டியெடுத்த நரம்பை அதில் ஊறவைப்பதா, புதிய வேதிக்குறிகளுக்குப் போவதா, ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் வரிசையறிதலுக்கு நேரடியாகப் போவதா?

எந்த முறை அதிக நுண்ணுணர்வு கொண்டது என்ற கேள்வியை வைத்துத் தேர்வைத் தொடங்குவது தவறு என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பொய்யான விடையை உண்மைபோலக் காட்டும் இயல்புடையது. எந்தப் பொய்யை எந்த முறையால் விலக்க முடியும் என்பதே தேர்வின் அடிப்படையாக இருக்க வேண்டும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நகர்ந்தது ஆர்.என்.ஏ.வா அதன் மூலப்பொருளா என்று முறை பிரித்துக் காட்டுகிறதா என்பது. முடிச்சில் கொடுத்த குறியிட்ட யூரிடின் நியூரானுக்குள் யூரிடின் டிரைபாஸ்பேட்டாக மாறி, ஆர்.என்.ஏ.வாக ஆகாமலே ஆக்சான் வழியே கீழே பரவலாம். பரவிய இடத்தில் வெளியே கசிந்து ஷ்வான் செல்லுக்குள் நுழையலாம். அந்தச் செல்லின் உட்கரு அதை எடுத்து ஆர்.என்.ஏ. தயாரிக்கலாம். நரம்பைத் துண்டாக்கி எண்ணிப் பார்ப்பவருக்கு இது "ஆர்.என்.ஏ. பயணம் செய்தது" என்றே தோன்றும். முயலின் பார்வை நரம்பு மண்டலத்தில் 1970களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகவே எடுத்துக்காட்டின. அதற்குப் பிறகும் இதைக் கவனிக்காமல் முடிவு எழுதுவதற்கு மன்னிப்பு இல்லை.

இரண்டாவது, ஆக்சானின் ஆர்.என்.ஏ.வையும் அதன் உறையின் ஆர்.என்.ஏ.வையும் பிரிக்கும் திறன். நரம்பு ஒன்றை அப்படியே அரைத்தால் கிடைக்கும் ஆர்.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி ஷ்வான் செல், இணைப்புத்திசு செல், இரத்தக் குழாய்ச் சுவர் ஆகியவற்றுடையது. ஆக்சானின் பங்கு அந்தக் கூட்டத்தில் ஒரு மெல்லிய குரல்தான்.

மூன்றாவது, காலம். இருவாழ்விகள் குளிர் இரத்த விலங்குகள் என்பதால் இழைவழிக் கடத்தலின் வேகம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். பாலூட்டிகளில் வேகக் கடத்தல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மி.மீ. செல்லும், அறை வெப்பநிலையில் இருக்கும் தவளை நரம்பில் அது 100 மி.மீ. என்ற அளவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். மெதுவான கடத்தலோ நாளுக்குச் சில மி.மீ.க்கும் குறைவு. நான்காவதாக வருபவை பணம், அனுமதி, விலங்கின் கிடைப்பு. இவற்றைக் கடைசியில் யோசிப்பதுதான் வழக்கம். நடைமுறையில் முதலில் கழுத்தைப் பிடிப்பவையும் இவையே.

## முதல் வழி: முடிச்சில் குறியிட்டு நரம்பு வழியே பின்தொடர்தல்

தவளையின் எட்டாவது, ஒன்பதாவது முதுகுவேர் முடிச்சுகளைச் சியாட்டிக் நரம்போடு சேர்த்து அப்படியே பிரித்தெடுத்து, பல அறைகள் கொண்ட தட்டில் வைத்து, முடிச்சு இருக்கும் அறையில் மட்டும் குறியிட்ட பொருளைக் கொடுக்கும் ஏற்பாடு 1972இல் ஸ்வீடனில் எட்ஸ்ட்ரோம், மாட்ஸன் ஆகியோர் புரதங்களின் வேகக் கடத்தலை ஆராய வெளியிட்ட முறையால் பரவலாக அறியப்பட்டது. புரதங்களில் சேரும் லியூசினுக்குப் பதிலாக யூரிடினை வைத்தால் அதே தட்டு ஆர்.என்.ஏ. ஆய்வுக்கும் பயன்படும். சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து நரம்பை 3 மி.மீ. துண்டுகளாக வெட்டி, அமிலத்தில் கரையும் பகுதியையும் வீழ்படிவாகும் பகுதியையும் தனித்தனியே எண்ணினால், தொலைவுக்கு எதிரான வரைபடம் ஒன்று கிடைக்கும்.

இந்த வழியின் சிறப்பு அதன் எளிமை. கதிரியக்கத்தை அளக்கும் திரவ ஒளிர்வு எண்ணி ஒன்றும் நல்ல கத்தியும் இருந்தால் போதும். மறுபுறம், முதல் அளவுகோலில் அதிகம் தடுமாறுவதும் இந்த வழிதான். அதனால் இதைத் தேர்பவர் கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கே பாதி உழைப்பை ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். நியூக்ளியோடைடு போன்ற சிறு மூலக்கூறின் பரவல் குணகம் செல்லுக்குள் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் 3 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் அது எந்த மோட்டாரின் உதவியும் இன்றிச் சராசரியாக 7 மி.மீ. தூரம் பரவிவிடும், நான்கு நாளில் 14 மி.மீ.; பரவலின் வால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளும். தவளையில் முடிச்சிலிருந்து முழங்கால் வரை கிடைக்கும் நரம்பே சில சென்டிமீட்டர்தான். ஆகவே முடிச்சை ஒட்டிய துண்டுகளில் கிடைக்கும் எண்ணிக்கையை, அது எவ்வளவு அழகான சரிவாகத் தெரிந்தாலும், கடத்தலுக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. இதற்கு நேர்மாறாக, மெதுவாக நகரும் ஆர்.என்.ஏ. ஏதேனும் இருந்தால், வெட்டியெடுத்த நரம்பு தட்டில் உயிரோடு இருக்கும் சில நாட்களுக்குள் அது அந்த முதல் சென்டிமீட்டரைத் தாண்டவே தாண்டாது. பரவல் பொய் சொல்லும் அதே இடத்தில்தான் மெதுவான கடத்தலின் உண்மையும் ஒளிந்திருக்கிறது. இந்தச் சிக்கலைத் தட்டில் தீர்க்க இயலாது; உயிருள்ள விலங்கின் முடிச்சில் ஊசி மூலம் செலுத்தி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது இரத்தம் வழியே குறி உடலெங்கும் பரவும் என்பதால், எதிர்ப்பக்கக் காலின் நரம்பை ஒவ்வொரு விலங்கிலும் தவறாமல் எண்ணிக் கழிக்க வேண்டும்.

மூலப்பொருள் பிரச்சினைக்கு மூன்று மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, நரம்பு இருக்கும் அறையில் குறியிடாத யூரிடினை ஏராளமாகக் கலந்துவிடுவது. ஆக்சானிலிருந்து கசிந்து வெளியேறும் குறி அதில் நீர்த்துப்போவதால் ஷ்வான் செல் எடுத்துக்கொள்வது மிகக் குறையும். செலவில்லாத இந்த மருந்தை ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை. இரண்டாவது, நரம்புக்கு மட்டும் ஆக்டினோமைசின் டி கொடுத்து அங்கே படியெடுத்தலை நிறுத்துவது. அதன்பிறகும் துண்டுகளில் குறியிட்ட ஆர்.என்.ஏ. வந்தால் அது மேலிருந்து வந்தது என்று வாதிடலாம். ஆனால் நரம்பைச் சுற்றியுள்ள பெரிநியூரிய உறை இம்மருந்தை எளிதில் உள்ளே விடாது; உறையை உரித்தால் இழைகள் காயப்படும்.

மூன்றாவது மருந்தான கால்ச்சிசின்தான் அதிகம் ஏமாற்றுவது. கடத்தலுக்குத் தண்டவாளம்போல இருக்கும் நுண்குழல்களைக் கலைத்து அதை நிறுத்தும் என்பதற்காக அதைச் சேர்ப்பார்கள்; எண்ணிக்கை குறைந்ததும் மகிழ்வார்கள். ஆனால் கால்ச்சிசின் செல்லுக்குள் யூரிடின் போன்ற நியூக்ளியோசைடுகள் நுழைவதையே தடுக்கும் என்பது 1972இலேயே பாலூட்டிச் செல்களில் காட்டப்பட்டுவிட்டது. யூரிடின் உள்ளேயே போகவில்லை என்றால் கீழே எண்ணிக்கை குறையத்தான் செய்யும். நுண்குழலோடு பிணையாமல், நியூக்ளியோசைடு நுழைவை மட்டும் தடுக்கும் லூமிகால்ச்சிசினை இணையாக வைத்துப் பார்த்தால் ஒழிய அந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. தங்கமீன், கோழி, எலி ஆகியவற்றின் நரம்புகளில் இழைவழிக் கடத்தப்படுவதாகப் பலமுறை தெரிவிக்கப்பட்டது 4 எஸ் (மையவிலக்கில் படியும் வேகத்தின் அளவு) என்ற சிறு ஆர்.என்.ஏ., அதாவது பெரும்பாலும், புரதம் தயாரிக்க அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டி.ஆர்.என்.ஏ. ஒவ்வொரு டி.ஆர்.என்.ஏ.வின் முனையிலும் சைட்டிடின், சைட்டிடின், அடினோசின் என்ற மூன்று எழுத்துகள் உண்டு. அவை உதிர்வதும், படியெடுத்தல் எதுவும் இல்லாமல் ஒரு நொதியால் மீண்டும் ஒட்டப்படுவதும் வழக்கம். நாம் கொடுத்த யூரிடினோ செல்லுக்குள் சைட்டிடின் டிரைபாஸ்பேட்டாக மாறக்கூடியது. ஆகவே ஆக்சானில் நெடுநாளாக இருந்த பழைய டி.ஆர்.என்.ஏ. தன் வாலை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, புதிதாகப் பிறந்ததுபோலக் கதிர்வீசும்; ஆக்டினோமைசின் இதைத் தடுக்காது. ஆர்.என்.ஏ.வைக் காரத்தில் பகுத்து, யூரிடிலிக் அமிலத்திலும் சைட்டிடிலிக் அமிலத்திலும் குறி எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இதற்கு விடை. குறி சைட்டிடிலிக் அமிலத்தில் மட்டும் குவிந்திருந்தால் அது வால் மாற்றம். யூரிடிலிக் அமிலத்திலும் தக்க அளவில் இருந்தால் முழு மூலக்கூறே புதியது. ஒரு நாள் வேலைதான், ஆனால் அதைச் செய்த ஆய்வறிக்கைக்கும் செய்யாததற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இன்னொரு சிறு குறிப்பு. டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) மூலக்கூறின் ஐந்தாம் இடத்தில் இருக்கும் யூரிடினை வாங்குவது நல்லது. டி.என்.ஏ.வுக்குரிய தைமிடினாக மாறும்போது அது அந்த ஐந்தாம் இட டிரிட்டியத்தை இழந்துவிடும் என்பதால் பிரியும் செல்களின் டி.என்.ஏ. தைமிடின் வழியாகக் குறியேறாது. ஆறாம் இடத்தில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வேகமாக நகரும் சிறு ஆர்.என்.ஏ. பற்றிய கேள்வி இருந்து, மேற்சொன்ன கட்டுப்பாடுகளைச் செய்யப் பொறுமையும் இருந்தால் இந்த வழி பொருந்தும். ஷ்வான் செல்லின் பங்கை அளப்பதுதான் நோக்கம் என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

## இரண்டாம் வழி: வெட்டியெடுத்த நரம்பை ஊறவைத்து ஆட்டோரேடியோகிராபி

செல் உடலத்தோடு தொடர்பு அறுந்த நரம்புத் துண்டில் நியூரானின் உட்கரு எதுவும் கிடையாது. அந்தத் துண்டைக் குறியிட்ட யூரிடினில் ஊறவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, ஒளிப்படப் பசையைப் பூசி இருட்டில் வைத்தால், ஆக்சானுக்குமேல் தோன்றும் வெள்ளித் துகள்கள் உறைச் செல்லிலிருந்தோ மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தோதான் வந்திருக்க முடியும். முதல் வழியை அலைக்கழித்த குழப்பம் இங்கே தர்க்கத்தாலேயே விலகிவிடுகிறது. நியூட் என்னும் வாலுள்ள இருவாழ்வியின் புற நரம்புகளில் யூரிடின் சேர்வதை மார்க்கஸ் சிங்கர், கிரீன் ஆகியோர் 1968இல் ஆட்டோரேடியோகிராபி மூலம் ஆராய்ந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிங்கரும் சால்பீட்டரும் குறியிட்ட ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஷ்வான் செல், அது இழையைச் சுற்றி அமைக்கும் மையலின் என்னும் கொழுப்பு உறை ஆகியவற்றைக் கடந்து ஆக்சானுக்குள் செல்வது பற்றி எழுதியிருந்தார்கள். நியூட்டின் கால் மறுவளர்ச்சிக்கு நரம்பு தேவைப்படுவது ஏன் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர் சிங்கர். நரம்பு எதை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்வியும் அந்த அக்கறையோடு சேர்ந்ததே.

இருவாழ்வி நரம்பு இங்கே உண்மையான உதவி செய்கிறது. டிரிட்டியத்தின் பீட்டாத் துகளுக்கு உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால், பசையில் அது பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரோமீட்டருக்குமேல் போகாது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய மையலினற்ற இழையில் இந்தத் துல்லியம் போதாது. துகள் இழைக்குரியதா உறைக்குரியதா என்று யாராலும் சொல்ல முடியாது. தவளையின் தடித்த மையலின் இழைகள் பத்து மைக்ரோமீட்டரையும் தாண்டுபவை. அவற்றின் நடுப்பகுதியில் மட்டும் துகள்களை எண்ணினால், சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லின் சிதறல் அவ்வளவு தூரம் எட்டாது. மையலின் உறையின் இடைவெளியான ரான்வியர் கணுவில் இழை குறுகும் இடங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

மைட்டோகாண்ட்ரியாவின் பங்கைப் பிரித்தறிய, அதன் படியெடுத்தலைத் தடுக்கும் எத்திடியம் புரோமைடு உதவும். ஆப்பிரிக்க நகத்தவளையான செனோபஸ் லேவிஸின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. 17,553 எழுத்துகள் நீளமானது என்று 1985இலேயே முழுமையாகப் படிக்கப்பட்டுவிட்டது. எதிர்பார்க்க வேண்டிய ஆர்.என்.ஏ. வகைகள் எவை என்பதில் ஐயம் இல்லை. பக்கத்துச் சீவல் ஒன்றை ஆர்.என்.ஏ. சிதைக்கும் நொதியில் கழுவி, துகள்கள் மறைகின்றனவா என்று பார்ப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மறைமுக விலை எங்கே என்றால், வெட்டியதிலேயே இருக்கிறது. வெட்டப்பட்ட நரம்பு சிதைந்துபோகும் என்பதை அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்தே விவரித்தார். வெட்டு விழுந்ததும் ஷ்வான் செல் தன் வேலையை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. 2008இல் எலிகளில் வெளியான ஆய்வு ஒன்று, ஷ்வான் செல்லிலிருந்து ஆக்சானுக்கு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் செல்வதைக் காட்டியது. அதிலும் செல் உடலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஆக்சான்களில் அந்த வரவு மிகத் தெளிவாக இருந்தது. ஆகவே ஊறவைத்த நரம்பில் நீங்கள் காணும் கொடை, இயல்பான நாளில் நடப்பதா ஆபத்தில் மட்டும் நடப்பதா என்ற கேள்வி எப்போதும் எஞ்சி நிற்கும். குளிரில் சிதைவு மெதுவாகும் என்பதால் தவளை நரம்பு எலி நரம்பைவிட அதிக அவகாசம் தரும். கேள்வியை அது தள்ளிப்போடும், தீர்க்காது. வெள்ளித் துகள் தோன்ற வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும் என்பதும் ஆய்வுக்காலம் எண்ணப்பட்டவர்களுக்குச் சிறிய செலவல்ல.

உறைச் செல் ஆர்.என்.ஏ. கொடுக்க வல்லதா என்று மட்டும் கேட்பவருக்கு இந்த வழியைவிட நேரடியானது இல்லை. கணவாயின் பேரிழையில் 1980களில் ரப்பலினோ, கூப்பெல்லோ, ஜூடிட்டா ஆகியோர் இதே தர்க்கத்தைப் பின்பற்றினார்கள். அவர்களுக்கு ஆக்சானின் உள்ளடக்கத்தைப் பசைபோலப் பிதுக்கியெடுக்கும் வசதி இருந்தது. தவளையிடம் அது இல்லை.

## மூன்றாம் வழி: எத்தினைல் யூரிடினும் தயோயுராசிலும்

2008இல் அறிமுகமான 5-எத்தினைல் யூரிடின், கதிரியக்கம் இல்லாமல் புதிய ஆர்.என்.ஏ.வை ஒளிரவைக்கிறது. உரிமம் வேண்டாம், இருட்டறை வேண்டாம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். தாமிரம் ஊக்கும் வினை ஒன்றில் நிறமியை ஒட்டினால் அன்றே நுண்ணோக்கியில் பார்க்கலாம். இதனால் முந்தைய சிக்கல்கள் எல்லாம் பழைய கதை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முடிச்சில் கொடுத்த எத்தினைல் யூரிடினும் நியூக்ளியோடைடாகி ஆக்சானில் பரவத்தான் செய்யும்; கசிந்த குறி ஷ்வான் செல்லை ஒளிரவைக்கத்தான் செய்யும். குறியை மாற்றினோமே தவிர, சோதனையின் தர்க்கத்தை மாற்றவில்லை. போதாக்குறைக்கு, ஆக்சானில் சிதறியிருக்கும் சில மூலக்கூறுகளின் ஒளி திசுவின் தன்னொளிர்வில் அமிழ்ந்துபோகும், தாமிரம் ஆர்.என்.ஏ.வை அரிக்கும் என்பதால் பிறகு வரிசையறிய நினைப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே தர்க்கத்தை மாற்றுவது தயோயுராசில் முறை. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் நொதி ஒன்றைக் குறிப்பிட்ட செல் வகையில் மட்டும் இயங்கவைத்தால், அந்தச் செல்கள்தான் 4-தயோயுராசிலைத் திறம்படப் பயன்படுத்தி ஆர்.என்.ஏ.வில் சேர்க்கும். ஷ்வான் செல்லில் மட்டும் நொதியை வைத்த விலங்கின் ஆக்சானில் தயோ குறி தென்பட்டால், வந்த திசையைப் பற்றி வாதாட அதிகம் இருக்காது. செனோபஸில் 1996இல் உருவான மரபணுமாற்ற முறையில் முதல் தலைமுறைத் தலைப்பிரட்டைகளையே ஆய்வுக்கு எடுக்க முடிவதால், முதிர்ந்த விலங்குக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நொதி இல்லாத செல்களிலும் சிறிதளவு குறி சேரும் என்பது இதன் குறை. அந்தப் பின்னணி அளவை அளக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

## நான்காம் வழி: இடத்தைப் படமெடுத்தலும் வரிசையறிதலும்

ஆக்சானின் ஆர்.என்.ஏ.வைத் தனியே எடுத்து வரிசையறிந்தால், எந்தெந்தச் செய்திகள் (புரதம் தயாரிக்கக் கட்டளை தரும் ஆர்.என்.ஏ.க்கள்) அங்கே உள்ளன என்ற பட்டியல் கிடைக்கும். 2010இல் செனோபஸ், எலி ஆகியவற்றின் விழித்திரை ஆக்சான் நுனிகளை லேசரால் வெட்டியெடுத்து இப்படிப் படித்தார்கள். 2017இல் செனோபஸ் தலைப்பிரட்டைகளில், உயிருள்ள ஆக்சானில் ஆர்.என்.ஏ. துகள்கள் கிளை விடும் இடங்களில் தங்குவது நேரடியாகப் படமாக்கப்பட்டது. கண்ணால் காண்பதற்கு ஈடில்லை. ஆனால் இவை விழித்திரை ஆக்சான்கள். பார்வை நரம்பு மைய நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது, அங்கே ஷ்வான் செல்லே கிடையாது. அந்த முடிவுகளை அப்படியே சியாட்டிக் நரம்புக்கு ஏற்றிச் சொல்வது அவசரம்.

புற நரம்பில் இதைச் செய்யும்போது மையலின் புரதங்களுக்கான செய்திகள் பட்டியலில் வந்தால் மாசு என்று தள்ளிவிடுவது வழக்கம். ஷ்வான் செல் ஆர்.என்.ஏ. கொடுக்கிறதா என்பதே கேள்வியாக இருக்கையில், விடையையே மாசு என்று கழுவிவிடும் வேடிக்கை இது. என்ன இருக்கிறது என்று அறிய இந்த வழி சிறந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் இதனிடம் போகக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது இருவாழ்விகளுக்கே உரியது. முதுகுவேர் முடிச்சின் நியூரான்களும் ஷ்வான் செல்களும் கருவின் நரம்பு முகடு என்னும் செல் திரளிலிருந்து தோன்றுபவை. தசையை இயக்கும் நியூரான்கள், தண்டுவடமாக வளரும் நரம்புக் குழாயிலிருந்து தோன்றுபவை. ராஸ் ஹாரிசன் 1904இலேயே தவளைக் கருக்களில் நரம்பு முகட்டை அகற்றி, உறைச் செல்கள் இல்லாத இயக்க நரம்புகளை வளரச் செய்தார். அந்தப் பழைய அறுவையை இன்றைய வரிசையறிதலோடு சேர்த்தால், உறையே இல்லாத ஆக்சானில் எஞ்சும் ஆர்.என்.ஏ. எது என்று கேட்கலாம். இன்னும் ஒரு படி போய், செனோபஸ் லேவிஸ் கருவின் முகட்டுக்குப் பதிலாகச் செனோபஸ் போரியாலிஸின் முகட்டை ஒட்டினால், இயக்க ஆக்சானில் கிடைக்கும் ஒவ்வொரு செய்தியின் எழுத்து வேறுபாடே அது எந்த இனத்துச் செல்லில் பிறந்தது என்று சொல்லிவிடும். குறி வேண்டாம், மூலப்பொருள் பரவுமோ என்ற கவலையும் வேண்டாம், ஏனெனில் நியூக்ளியோடைடுக்கு இனம் கிடையாது. ஒட்டிய செல்களை அடையாளம் காண்பதும் எளிது: போரியாலிஸின் உட்கருவைக் குயினாக்ரின் சாயம் தனிப் புள்ளிகளாக ஒளிரவைக்கும். கருவில் அறுவை செய்யும் கைத்திறன் ஒன்றுதான் இதற்கு விலை. அந்த விலை சிறியதல்ல.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முடிச்சில் குறி | ஊறவைத்த நரம்பு | தயோயுராசில் | வரிசையறிதல் |
|---|---|---|---|---|
| மூலப்பொருள் குழப்பம் | மிக அதிகம் | இல்லை | குறைவு | குறியே இல்லை |
| ஆக்சான், உறை பிரிப்பு | இல்லை | தடித்த இழையில் நன்று | மரபணுவால் | மாசு ஐயம் |
| நரம்பின் இயல்புநிலை | ஓரளவு | காயப்பட்டது | காக்கப்படும் | காக்கப்படலாம் |
| காத்திருப்பு | நாட்கள், வாரங்கள் | மாதங்கள் | விலங்கு உருவாகும் காலம் | வாரங்கள் |
| மறைமுக விலை | டி.ஆர்.என்.ஏ. வால் மாற்றம், கால்ச்சிசின் | வெட்டின் விளைவு | பின்னணிக் குறி | மூலம் தெரியாது |

## எந்த விலங்கு

பெரிய தவளைக்கு நீண்ட நரம்பு. முதல் வழிக்கு அதுவே வேண்டும். நியூட், ஆக்சலாட்டில் போன்ற வாலுள்ளவற்றில் செல்களே பெரியவை என்பதால் ஆட்டோரேடியோகிராபி எளிது. ஆனால் 2018இல் வெளியான ஆக்சலாட்டிலின் மரபணுத்தொகை 3,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு. வரிசையறிதலுக்கு அதைத் தேர்பவர் கணினிச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும். செனோபஸ் லேவிஸின் தொகை ஏறக்குறைய 310 கோடிதான். ஆனால் பழைய இனக்கலப்பால் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. இரட்டைப் படிகளின் தொல்லை வேண்டாம் என்பவர்கள் இருபடியமான செனோபஸ் டிராப்பிகாலிஸை எடுக்கிறார்கள். அதன் நரம்போ சிறியது, வெட்டியெண்ணும் வேலைக்கு ஆகாது.

இந்தியாவில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வயல் தவளையைப் பிடித்து வந்து முடிச்சைப் பிரித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் விலங்குச் சோதனை நெறிமுறைக் குழு, கதிரியக்கம் பயன்படுத்தினால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஆகிய மூன்று வாசல்களையும் கடக்க ஆகும் மாதங்களை ஆய்வுத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செனோபஸ் கூட்டம் ஒன்று அருகிலேயே இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்றாம் வழியை எடுப்பதில் தவறில்லை.

ஒளிர்வு எண்ணியும் டிரிட்டிய அனுமதியும் மட்டும் கையில் உள்ளவர் இரண்டாம் வழியை முதலில் செய்வது நல்லது. உறைச் செல் கொடுக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிட்டால், பிறகு முடிச்சில் குறியிடும்போது துண்டுகளில் காணும் எண்ணிக்கையில் எவ்வளவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். வரிசையை மாற்றிச் செய்தால், முதல் வழியில் கிடைத்த அழகான சரிவு மனத்தில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஆட்டோரேடியோகிராமில் ஆக்சானின்மேல் இருக்கும் ஒவ்வொரு துகளும் மேலிருந்து வந்ததாகவே கண்ணுக்குத் தெரியும்.